நால்வரும் ஏற வேண்டிய கோடு

அழுகிய தக்காளியின் புளித்த வாடை இல்லாமல் எங்கள் பள்ளி மைதானம் நினைவுக்கு வருவதில்லை. மாரண்டஹள்ளி மண்டிகளில் விலைபோகாததையெல்லாம் அதன் வேலியோரம்தான் கொட்டுவார்கள். பெண்கள் கால்பந்து அணிக்கு நான் கோல்கீப்பர். எனக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரிகள் நால்வரும் 'ஆஃப்சைடு டிராப்' என்னும் பொறி வைத்து ஆடினார்கள்: எதிரணி பந்தை அனுப்பும் நொடிக்குச் சற்று முன் நால்வரும் சேர்ந்து முன்னே ஓடினால், பின்னால் தனியே மாட்டிக்கொள்ளும் எதிரணிக்காரிக்கு நடுவர் ஊதிவிடுவார், ஒருத்தி நின்றுவிட்டாலும் பொறி உடைந்துவிடும். எனவே ஒரே குரலுக்குத்தான் எல்லாரும் ஓட வேண்டும். அது தடுப்பு வரிசையின் நடுவில் நின்ற 'ஸ்டாப்பர்' ஜெயாவின் குரல். "ஏறுங்கடி" என்பாள்.

ஜெயா காலனிப் பெண். இடது ஓரம் ஆடிய 'லெஃப்ட் பேக்' நந்தினி ஊர்த்தெருவில் நிலபுலன் உள்ள குடும்பம். பயிற்சியில் இது யாருக்கும் உறைத்ததில்லை.

தருமபுரியில் நடந்த மாவட்டப் போட்டிக்கு, விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர் வந்திருந்தார். தேர்வானால் ஜெயா மேலே படிக்கலாம். இல்லையென்றால் அக்காவைப் போலத் திருப்பூர் மில்லுக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

நந்தினியின் சித்தப்பாவும் வந்து கோட்டோரம் நின்று ஜெயாவின் குரலைப் பாதி ஆட்டம் கேட்டார். இடைவேளையில் நந்தினியிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டி, கோபமே இல்லாமல் சொன்னார்: "காலனிப் புள்ள அதிகாரம் பண்ணுது, நம்மூட்டுப் புள்ள ஓடுது. நாளைக்கு வூட்டாண்ட வந்து கூப்புட்டாலும் ஓடுவியா?"

நந்தினி தண்ணீரைக் குடித்தாள்.

அதன்பின் ஜெயா கூப்பிட்டபோது மூவர்தான் ஓடினார்கள். நல்லவேளை, பந்து வெளியே போனது. "என்னாடி நந்து, காலு வேரு வுட்டுக்கிச்சா?" என்று சிரித்தாள் ஜெயா. அடுத்த முறையும் நந்தினி நின்றாள், கோல் விழுந்தது. ஆஃப்சைடு கேட்டுக் கையை உயர்த்தியபடி நடுவரைப் பார்த்த ஜெயா, திரும்பி நந்தினியைப் பார்த்தாள், பிறகு கோட்டோரம் நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள். மீதி ஆட்டத்தில் அவள் யாரையும் கூப்பிடவில்லை.

"அந்த லெஃப்ட் பேக் ஒருத்திதான் எடத்த வுடாம நின்னா" என்று எங்கள் பி.டி. வாத்தியாரிடம் சொல்லி, நந்தினியைத் தேர்ந்தெடுத்தார் தேர்வாளர். விடுதியில் எல்லாரோடும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டுமே என்று அவளை வீட்டில் அனுப்பவில்லை. ஜெயா மில்லுக்குப் போனாள்.

இன்று அந்தப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை. கோல் கம்பங்கள் இருந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். சென்ற மாதம், ஓசூர் கம்பெனி வேனுக்காகக் காத்திருந்த ஜெயாவைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வேன் வந்து நின்றபோது கேட்டாள்: "நீ பின்னாடிதான நின்ன. நா சரியான நேரத்துக்குத்தான கூப்ட்டன்?"

சரியான நேரம்தான் என்றேன். அவளுக்கு அது தெரிந்துதான் இருந்தது.