பால்குடத்தைக் கீழே போட்டவன்

என் தம்பியை நான் கடைசியாக அடித்தது ஒரு தைப்பூசத்தன்று. அதுவும் ஒரே நாளில் இரண்டு முறை.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் கை நீட்டுகிற வேலை என்னிடம் வந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில்தான் இருவருக்கும் ஷிப்ட் வேலை. அவன் ஒழுங்காக இருந்தால் அது என் வளர்ப்பு, தவறினால் போவது என் மானம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்காகத் தம்பி பால்குடம் எடுப்பான் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தான். ஆனால் அந்த நாட்களிலேயே வலது காலை இழுத்து இழுத்து நடந்தான், கையில் எடுத்த கோப்பையை நழுவவிட்டான். சோம்பேறித்தனம் என்று முதுகில் இரண்டு வைத்தேன்.

தைப்பூசத்தன்று ஊர்வலம் கோவிலை நெருங்கும்போது மணி பதினொன்று. தார் ரோடு வெறுங்காலைப் பொசுக்கியது. தம்பி தலையில் குடத்தோடு என் பக்கம் சாய்ந்தான்.

"அண்ணே, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. கால் வரமாட்டேங்குது."

"வாய மூடிட்டு நட லா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

கோபுரம் தெரிகிற இடத்தில் முழங்கால் மடங்கி விழுந்தான். குடம் உருண்டது. பால் முழுவதும் ரோட்டில் ஓடியது. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னாலிருந்து யாரோ சொன்னார்: "அலமாக், ஐயய்யோ, தண்ணி போட்டுட்டு வந்துருக்கான் போல."

எனக்கு அது போதும். பிடரியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி முகத்திலேயே அறைந்தேன். உதடு கிழிந்து மஞ்சள் வேட்டியில் ரத்தம் சொட்டியது. "அம்மா உயிருடா அது, அம்மா உயிரு!" என்று கத்திக் கத்தி அடித்தேன். உறுமி அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். என்னை இழுத்துப் பிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

அவனைத் தண்ணீர்ப் பந்தலுக்குத் தூக்கிப் போய்த் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றி, பெரிய காற்றாடிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து எழுந்தான். நேராக நடந்து என்னிடமே வந்தான்.

"இப்ப சரியாயிடுச்சுண்ணே. நல்லா தெரியுது."

குடித்தவன் அரை மணியில் தெளியமாட்டான். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. அப்படியென்றால் இத்தனை நேரம் நடித்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். "நடிச்சியாடா?" என்று பந்தல் கம்பியில் தலை மோதும்படி தள்ளினேன். விழுந்தவனை விலாவில் உதைத்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. என்றைக்குமே அடித்ததில்லை. அதை மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் வேலை இடத்தில் அவனுக்கு ஒரு கண் இருட்டிவிட்டது. ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரி, ஸ்கேன், முதுகுத்தண்டில் ஊசி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பு நோய் என்றார் டாக்டரம்மா. தமிழர்தான்.

"வெயில்ல உடம்பு சூடானா, அடிபட்ட நரம்பு வேல செய்யாது. குளிர்ந்தா திரும்பிரும்" என்றவர் தம்பியிடம் கேட்டார். "சின்ன வயசுல தொண்ட வீங்கி, வாரக்கணக்கா காய்ச்சல்ல படுத்திருக்கீங்களா?"

"பதினேழு வயசுல, டாக்டர். ஒரு மாசம் எழுந்திருக்கவே முடியல."

எனக்கும் நினைவிருந்தது. பள்ளிக்கு மட்டம் போடுகிறான் என்று அவனை பெல்ட்டால் அடித்து எழுப்பியவன் நான்.

"எச்சில் வழியா பரவுற ஒரு கிருமி. கிட்டத்தட்ட எல்லார் உடம்புலயும் இருக்கும், உங்க அண்ணன் உடம்புலயும் இருக்கும். ரொம்பப் பேர ஒண்ணும் செய்யாது. சிலருக்கு மட்டும், அந்தக் கிருமிய அடிக்க வேண்டிய உடம்போட காவல், ஆள் மாறி நம்ம நரம்போட உறையவே அடிச்சிருது. அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. இன்னும் ஆராய்ச்சி நடக்குது."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. "நான் அடிச்சதுனால வந்துச்சா, டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தம்பியின் உதட்டுத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்ல. அடிச்சா இந்த நோய் வராது."

வெட்கமில்லாமல் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். அவன் அறைக்கு ஏர்கான் வாங்கிப் போட்டேன். ஷிப்டை மாற்றிக்கொண்டு மருந்துக்கு நானே கூட்டிப்போனேன். அவன் "தேங்க்ஸ்ணே" என்பான். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் குளித்துவிட்டு வந்தவன் வாசற்படியில் தடுமாறினான். பக்கத்திலேயே நின்றிருந்தேன். தாங்கிப் பிடிக்கச் சட்டென்று கையை நீட்டினேன். அவன் சுவரைப் பிடிக்கவில்லை, என் கையையும் பிடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு அப்படியே விழுந்தான்.