‘ஒருவேளை’ அம்மாவும் காணாமல் போன குழாயும்

குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் அவளுக்கு ‘ஒருவேளை அம்மா’ என்று பெயர். மணி என்ன என்று கேட்டால், கைக்கடிகாரத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, “ஒருவேளை பத்தரை இருக்கும்” என்பாள். பெண் பார்க்க வந்த அன்று சம்மதமா என்று கேட்டதற்கும் இப்படித்தான் பதில் சொன்னாள் என்று அவள் கொழுந்தன் இருபது வருடமாகச் சொல்லித் திரிகிறான். அவள் மறுத்ததில்லை.

எதையும் அடித்துச் சொல்லாத இந்தப் பெண்மணிக்கு வாய்த்ததோ அடித்துச் சொல்லும் வேலை. எந்தத் தெருவில் குழி வெட்டினாலும், எந்தெந்த வால்வை மூடிவிட்டு ஆட்கள் இறங்கலாம் என்று பட்டியல் கொடுப்பவள் அவள்தான். முதலில் இறங்குகிற ஆள் அந்தக் கொழுந்தன்.

முன்பெல்லாம் பட்டியல் காகித வரைபடத்திலிருந்து வந்தது. அதை யாரும் திருத்திப் பதினோரு வருடமாகிறது. மடிப்பு விழுந்த இடங்களில் இரண்டு தெருக்களே காணாமல் போயிருந்தன. தட்டச்சு வேலைக்கு என்று வந்தவள், தானாகப் படித்து, குழாய்களையெல்லாம் ஒரு கிராஃப் டேட்டாபேஸில் ஏற்றினாள். மற்ற டேட்டாபேஸ்கள் உலகத்தைக் கட்டம் போட்டு அடுக்கும். இது புள்ளிகளையும் கோடுகளையும் வைத்தே குடித்தனம் நடத்தும். புள்ளி என்றால் குழாய்கள் கூடும் சந்திப்பு. கோடு என்றால் குழாய். கோட்டின் மேல் வால்வின் எண். ஒரு சந்திப்பில் வேலை என்றால், அதற்கு வரும் கோடுகளை எண்ணி அத்தனை வால்வையும் மூடவேண்டும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

விவரம் சொன்னவன் கொழுந்தன். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக அவளை நடத்திக்கொண்டு போய், எந்த வரைபடத்திலும் இல்லாத குழாய்களைக் காலால் தரையில் கோடு கிழித்துக் காட்டினான்.

டேட்டாபேஸுக்கும், பட்டியல் எடுக்க அவள் எழுதிய நிரலுக்கும் நடுவே ஒரு தரகர் உண்டு. கிளையன்ட் லைப்ரரி என்பார்கள். இவள் கேள்வியை அங்கே கொண்டுபோய், பதிலை இங்கே கொண்டுவரும். முன்பின் தெரியாத சிலர் சம்பளம் வாங்காமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் விட்டது. தரகரைச் சந்தேகிக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை, தலைமுதல் கால்வரை நனைந்து, ஒற்றைச் செருப்போடு கொழுந்தன் அவள் மேசை முன் வந்து நின்றான்.

“அண்ணி, எத்தனை வால்வு சொன்னீங்க?”

“ரெண்டு... இருக்கும்.”

“மூணாவது இதோ, உங்க மேசைமேல ஒழுகுது பாருங்க.” சட்டையைப் பிழிந்தான். “ஒரு செருப்பு போச்சு. போன் போச்சு. நான் போகாம இருந்ததுதான் ஆச்சரியம்.”

“ஐயோ, அடி பட்டுச்சா தம்பி?”

“அடி படல. ஆனா அந்தக் குழாய நான்தான உங்களுக்குக் காட்டினேன்? பழைய குழாய்க்குப் பக்கத்துலயே, அதே எடத்துலேர்ந்து அதே எடத்துக்கு இன்னொண்ணு போகுதுன்னு? நீங்களும் தலையாட்டினீங்களே!”

“எழுதினேனே.”

“எழுதினது எங்க போச்சு? நான் பொய் சொன்னேனா, நீங்க தலைய சும்மா ஆட்டினீங்களா?”

அவன் சிரிக்காமல் பேசி அவள் கேட்டதில்லை.

பொறியாளருக்கு விஷயம் போனது. அவர் நல்ல மனிதர். அதனால் கத்தவில்லை, உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமை பெரிய சந்திப்பில் வேலை. வியாழன் மாலைக்குள் நிரல் சரியான பட்டியல் தராவிட்டால் பழையபடி காகித வரைபடம்தான்.

“சார், ஒருவேளை நானே கையால எண்ணிக் குடுத்தா...”

“கையெழுத்து போட எனக்கு ஒரு ஆதாரம் வேணும்மா. ஒண்ணு கம்ப்யூட்டர், இல்ல மேப்பு. உங்க கை ரெண்டுலயும் சேராது.”

அந்த மேப்பில் வெள்ளிக்கிழமைச் சந்திப்புக்கு ஆறு குழாய்கள். கொழுந்தன் காலால் கிழித்த கணக்கில் எட்டு. மேப்பு ஜெயித்தால், தப்பான பட்டியலோடு இறங்கப்போகிறவன் அவன்.

டேட்டாபேஸிடம் நேராகவே கேட்டுப் பார்த்தாள்: திங்கட்கிழமைச் சந்திப்புக்கு மூன்று குழாய். லைப்ரரி வழியாகக் கேட்டாள்: இரண்டு. தரகர் ஒன்றை வழியிலேயே விழுங்கியிருந்தார். பொறியாளர் கேட்டதோ நிரல் தரும் பட்டியல்; நேராகக் கேட்டு எடுத்தது அவருக்குக் கைக்கணக்குதான்.

செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் பால் காய்கிற நேரத்தில், சமையலறை மேசையில் உட்கார்ந்து லைப்ரரியின் நிரலைப் படித்தாள். பால் பொங்கி வழிந்தபோது பிழை கிடைத்தது. ஒவ்வொரு கோட்டையும் அதன் இரண்டு முனைகளின் பெயரை வைத்தே அது அடையாளம் கண்டது. அதே இரண்டு முனைகளுக்கு நடுவே இன்னொரு கோடு வந்தால், முன்னதை எடுத்து எறிந்துவிட்டு அந்த இடத்தில் பின்னதை வைக்கும். பெற்றோர் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளும் பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பிள்ளைகளைச் சேர்த்த கதை. கோட்டுக்கென்று டேட்டாபேஸ் தந்திருந்த சொந்த எண்ணை யாரும் கேட்கவே இல்லை.

தன் பிரதியில் திருத்துவது பத்து நிமிட வேலை. ஆனால் எழுதியவர்களே வெளியிட்ட பதிப்பைத் தவிர வேறெதையும் அலுவலகக் கணினியில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆக, முகம் தெரியாத ஒருவருக்கு, ஊர் உலகம் படிக்கும் இடத்தில், ‘உங்கள் நிரல் தப்பு’ என்று அவள் எழுதவேண்டும். பால்காரரிடம்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

எழுதினாள். நன்றியில் ஆரம்பித்து மன்னிப்பில் முடிந்த கடிதம். கூடவே முந்நூறு வரிக்கு நகரத்துக் குழாய்களை மாதிரியாக இணைத்தாள். மாலையில், லைப்ரரியைப் பராமரிப்பவரிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது: ‘உங்கள் கடிதத்தில் ஒருவேளை என்ற சொல் ஏழு முறை வருகிறது. பிழை இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அதை ஓட்டிக் காட்டுகிற மாதிரி சின்ன டெஸ்ட் ஒன்று எழுதுங்கள். இரண்டு புள்ளி, இரண்டு கோடு போதும்.’

புதுச் செருப்பு வாங்கி வந்த கொழுந்தன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். திங்கட்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. “யாரு அண்ணி இவரு? நம்ம வீட்டுல வளந்த மாதிரி பேசுறாரு?”

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர் காலைக் கழுவியபடியே கேட்டார். “இந்த வேலைக்கு அவரு உனக்கு எதாவது குடுப்பாரா?”

“இல்லீங்க.”

“அவருக்கு யாராவது குடுக்குறாங்களா?”

“அவருக்கும் இல்லீங்க.”

“அப்ப சரி. ரெண்டு பேருக்கும் சண்டை வராது.”

அவள் ஒரே சொல்லில் பதில் எழுதினாள்: ‘இருக்கிறது.’ எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

புதன்கிழமை காலை டெஸ்ட். இரண்டு புள்ளிகளுக்குப் பெயர் வேண்டும். வேறெதுவும் தோன்றாததால் ஒன்றுக்கு ‘அண்ணி’, மற்றொன்றுக்கு ‘கொழுந்தன்’ என்று வைத்தாள். நடுவே இரண்டு கோடு: ஒன்று ‘உறவு’, இன்னொன்று ‘பட்டியல்’. திருத்தாத லைப்ரரியில் ஓட்டினாள். உறவு மறைந்து பட்டியல் மட்டும் நின்றது.

காலைத் தேநீருக்கு வந்தவனிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் தம்ளரோடு குனிந்து படித்தான்.

“இதுல தப்பு ஒண்ணும் தெரியலையே அண்ணி. திங்கக்கிழமையிலேர்ந்து நமக்குள்ள இப்படித்தான இருக்கு?”

அவள் தன் பிரதியில் லைப்ரரியின் நிரலைத் திறந்தாள். ஒரு வரியைத் திருத்தி, மறுபடி ஓட்டினாள். இரண்டு கோடும் வந்தன. அவன் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, “சரி, அனுப்புங்க” என்றான்.

அனுப்பினாள். திருத்தியது ஒரே வரி. அந்த வரியைப் பற்றிப் பராமரிப்பவரிடமிருந்து வந்த கருத்துகள் பதினான்கு. ஓரிடத்தில் இடைவெளி கூடிவிட்டதாம். ஒரு பெயர் நீளமாம். ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். ஒன்றுக்கு மட்டும், தானே நம்பமுடியாமல், ‘இது அப்படியே இருக்கட்டும்’ என்று எழுதினாள். அவரும் விட்டுவிட்டார். வியாழன் காலை புதுப் பதிப்பு வெளிவந்தது. மதியம் அது அலுவலகக் கணினியில் ஏறியது. மாலையில் பட்டியல் அச்சாகி வந்தது.

“எட்டா?” என்றார் பொறியாளர். “மேப்புல ஆறுதானே இருக்கு?”

“எட்டு சார்.”

அவர் பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ ஒரு சொல் குறைகிறதே என்று யோசிப்பவர்போல இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அவளும் குழியோரம் போனாள். போகவேண்டும் என்று விதி இல்லை. எட்டு வால்வுகளை மூட ஒரு காலைப்பொழுது ஆனது; ஏழாவது துருப்பிடித்துப் பிடிவாதம் பிடித்ததில், ஆறே போதாதா என்று கூட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கொழுந்தன் ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு, புதுச் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தான்.

“இதப் பாத்துக்குங்க. போன தடவ மாதிரி ஒண்ணு போச்சுன்னா, மிச்ச ஒண்ண நீங்கதான் போட்டுக்கணும்.”

“சரி தம்பி.”

“அப்புறம் இன்னொண்ணு. அந்தச் சொல்லு இல்லாம ஒரு தடவ சொல்லிடுங்க. இறங்கவா?”

கையிலிருந்த பட்டியலை அவள் பார்க்கவில்லை.

“இறங்கு.”

அவன் இறங்கினான். மேலே நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள், அவள் நகரவில்லை. முதல் போல்ட் கழன்றது. இரண்டாவது. குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் ஒரு வாளி அளவுக்குக் கொட்டி, இளைத்து, சொட்டாகி, நின்றது. கீழே ஸ்பானர் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்துக் குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அண்ணி, மணி என்ன?”

அவள் கைக்கடிகாரத்தை நன்றாகப் பார்த்தாள்.

“ஒருவேளை பன்னெண்டு இருக்கும்.”