எங்கள் அண்ணன் சொன்னால்தான் படகு எழும்பும்

தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடும் ஆண்டர்சன்பேட்டையில், கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர் எங்கள் அண்ணன். அவர் படகேறி நாடு நாடாகப் போவார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அவர் இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது.

பட்டாளத்தில் சேர்ந்தபோது அண்ணன் குள்ளம், ஒல்லி. குரல் மட்டும் ஷிப்டுக்கு ஊதும் சங்கு. அதனால்தான் துடுப்புப் படகுக் குழுவில் எடுத்தார்கள். எட்டுப் பேர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித் துடுப்புப் போடுவார்கள். அண்ணன் ஒருவர்தான் முன்னே பார்த்துச் சுக்கான் பிடித்துக் குரல் கொடுப்பார். கரையில் படகைத் தோளில் தூக்குவதும் அவர் சொல்லித்தான். அதுவரை ஒரு கை அசையாது. விடுமுறையில் பீரோ நகர்த்தினாலும் “சப் தயார்... உடாவ்!” என்று இந்தியில் கத்துவார். எல்லோரும் தயார், தூக்கு என்று அர்த்தம். நாங்களும் சேர்ந்து சிரித்துக்கொண்டே தூக்குவோம்.

துடுப்புப் போடாதவரின் எடை படகுக்குச் சுமை. வயது ஏற உடம்பும் ஏறியது, இடம் போய்விடுமே என்று பயந்தார். போட்டி நெருங்கினால் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெயிலில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடுவார். பொங்கலுக்கு வந்தபோதும் அதே கதைதான்.

“இன்னாடா, பெத்தவ பொங்கிப் போட்டத தொட மாட்டன்ற?” என்று அம்மா அழுதார்.

“இந்த ஒரு ரேஸ் முடியட்டும்மா. அப்புறம் நீ போடறத எல்லாம் துன்றேன்.”

அந்த ஒரு ரேஸ் முடியவே இல்லை. வெளிநாட்டில் வெண்கலம் வாங்கினார், பேட்டையே மாலை போட்டது. அடுத்த வருடம் கால் வீங்கியது. இத்தனை வருடம் உடம்பைக் காயப்போட்டால் கிட்னி என்னத்துக்கு ஆகும் என்று டாக்டர் கடிந்துகொண்டார். பிறகு டயாலிசிஸ், குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. பாவி மனுஷன், கடைசிவரை தாகத்தோடே கிடந்தார்.

“அந்த மெடலைத் தூக்கிக் கடாசு அண்ணா” என்றேன் ஒருநாள்.

“போடி, அது நான் துன்னாத சோறு. இருக்கட்டும்” என்றார்.

எனக்கு இன்றும் அதன்மேல் கோபம்தான்.

கோலாருக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், பங்காருபேட்டை சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. பல மாநிலங்களிலிருந்து ஓடிவந்த படகுக்காரர் எட்டுப் பேருக்கும் நன்றி.

அன்று அவர்கள்தான் பாடையின் இருபக்கமும் குனிந்து கை வைத்தார்கள். வைத்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“தூக்குங்கப்பா, நேரமாவுது” என்றார் சித்தப்பா. ஒருவரும் அசையவில்லை. யார் குரலுக்காக நிற்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“சப் தயார்...” என்று தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உடாவ்!”

அண்ணன் எழும்பினார்.