அண்ணனின் காலும் பி12 ஊசியும்

என் அண்ணன் நாலு வருடமாகப் பால், முட்டை, கறி எதையும் தொடுவதில்லை. பச்சைக் காய்கறியில் இல்லாத சத்தே கிடையாது என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. ஆராய்ச்சி நடந்த இடம் யூடியூப்.

இன்று காலை அனுமந்தன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து தேனியில் இறங்கினோம். பின்னாலிருந்து கண்டக்டர் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒங்க செருப்பு ஒண்ணு இங்கன படியில கெடக்கு."

"எஞ்செருப்பு எங்கால்லதான்ப்பா இருக்கு" என்றார் அண்ணன், ரொம்ப நம்பிக்கையோடு.

குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். ஜல்லிக்கல் மேல் நிற்கிறார், அதுவே அவருக்குத் தெரியவில்லை.

"ஆறு மாசமா இப்பிடித்தான் மரத்துக் கெடக்கு. ஒடம்புல உள்ள நச்சு வெளியேறுதுன்னு வீடியோவுல சொன்னாக" என்று விளக்கம் வேறு.

நேராக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். மாலையில் ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்:

"பி12 ரொம்பக் கம்மி. வயருக்கு இருக்குற மாதிரி நரம்புக்கும் மேல ஒரு உறை இருக்கு. இந்தச் சத்து இல்லைன்னா அது கெட்டுப்போகும். காய்கறியில இது கெடைக்காது. இன்னும் விட்டிருந்தா நடையே போயிருக்கும். ஊசி போடணும்."

அண்ணன் யோசித்தார். "ஊசி கெமிக்கலாம்மா?"

"இல்லைங்க, பாக்டீரியாவை வச்சுத் தயாரிக்கிறது."

"அப்ப இயற்கைதான்" என்று கையை நீட்டிவிட்டார்.

சத்துக்கு எதையாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி நாலு வருடம் நான் கெஞ்சியும் நடக்காததை ஒரு கிருமி நடத்திக் காட்டிவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பவரை எதைச் சொல்லி டாக்டரிடம் கையை நீட்ட வைத்தீர்கள்?