ஏழேகால் பஸ்ஸும் என் முதல் வரைபடமும்

பாவாவின் நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டைதான். திருத்தணி பஸ் நிலையத்தில், ஒரு தனியார் பஸ் கம்பெனியின் நேரக்காப்பாளராக இருந்தார் பாவா, என் அக்கா கணவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, யார் ஓட்டி வந்தார் என்று அவர் எழுதி வைத்த வரிகளை, ஒரு மத்தியான வேளையில் அவருடைய மேசையருகே நின்று முதன்முறையாகப் புரட்டினேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. வேலை இல்லை. விரல்களில் களிம்பு.

வேதியியல் படித்துவிட்டுச் சென்னையில் மாத்திரைகளின் தரம் பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் ஒன்பது வருடம் இருந்தேன். விடுதியிலிருந்து ஆய்வகம், ஆய்வகத்திலிருந்து விடுதி. ஒரு கோடையில் கைகள் சிவந்து தடித்தன. கையுறை மாற்றியும் அடங்கவில்லை. கரைப்பான்கள் உங்கள் தோலுக்கு ஆகாது, வேறு வேலை பாருங்கள் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். பெட்டியோடு பொதட்டூர்பேட்டைக்கு, அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே, கணினியில் தரவுப் பகுப்பாய்வு வகுப்பில் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் எல்லாருக்கும் இருபத்து மூன்று வயதுக்குள்தான். அவர்கள் ஒரு நொடியில் எழுதும் கட்டளையை நான் நாலு தடவை தப்பாக அடிப்பேன். ஒன்பது வருடம் கற்றதெல்லாம் கழிநீர்த் தொட்டியில் கொட்டியதுபோல் போய்விட்டதே என்று பல நாள் மருகியிருக்கிறேன்.

கடைசிப் பாடத்துக்கு இணையத்தில் கிடைக்கும் தரவை எடுக்கக் கூடாது, சொந்தமாகச் சேகரித்ததுதான் வேண்டும் என்றார்கள். வீட்டில் சொன்னேன். பாவா தோசையை விண்டபடியே, “என் நோட்டு இருக்குதே, அது ஆவாதா?” என்று கேட்டார்.

அவருக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து காலை ஏழேகாலுக்குப் புறப்படும் பஸ் அடிக்கடி திருத்தணிக்குத் தாமதமாக வந்தது. எட்டேகால் ரயிலைத் தவறவிட்டவர்கள் சேர்ந்து முதலாளியிடம் புகார் கொடுத்துவிட்டார்கள். அந்த வண்டிக்கு டிரைவர்கள் இரண்டு பேர். ஒருவர் கண்ணாடி போட்டவர், மற்றவர் பெரிய மீசைக்காரர். தாமதமான நாள்களில் பெரும்பாலும் ஓட்டியது மீசைக்காரர் என்பதால், அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா என்று முதலாளி பாவாவிடம் கேட்டிருந்தார்.

ஒரு வருடக் குறிப்புகளைப் பத்து நாள் உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். வரைபடம் விழுந்தது. சராசரித் தாமதத்தைக் காட்டும் இரண்டே பட்டைகள். கண்ணாடிக்காரருடையது குட்டை, மீசைக்காரருடையது நெட்டை. என் முதல் வரைபடம்! கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கே போய்விட்டேன்.

பாவா வெகுநேரம் பார்த்தார். “கணக்கு சரிதாம்மா. ஆனா அந்த ஆளு சோம்பேறி இல்ல, எனக்குத் தெரியும். இத காட்னா அவரு வீட்டுக்குப் போயிடுவாரு. நீ ஒருவாட்டி அந்த பஸ்ல வந்து பாத்தியா?”

பார்த்ததில்லை. அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த நேரத்து பஸ்ஸில் நான் ஏறியதேயில்லை. கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை ஏறினேன்.

ஏழேகால் தாண்டியும் பஸ் கிளம்பவே இல்லை. கூரைமேல் லுங்கிக் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. கீழே திருத்தணி முருகன் மலைக்குப் போகிற கூட்டம். மீசைக்காரர் தானே ஏணியில் ஏறி ஒரு கட்டை இழுத்துப் போட்டுவிட்டு, வேர்வையோடு வந்து உட்கார்ந்தார். கண்டக்டரிடம் கேட்டேன். “செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் இப்டித்தாங்க. அவருதான் இஸ்துகினு வர்றாரு. கண்ணாடிக்காரருக்கு முதுகு வலி, அந்த ரெண்டு நாளு அதிகமா வரமாட்டாரு” என்றார்.

கம்பியைப் பிடித்து நின்றபடியே எனக்குச் சிரிப்பு பொங்கியது. ஆய்வகத்தில் ஒரு மாத்திரையைச் சோதிக்கும் முன் மருந்தே இல்லாத கரைசலையும் சோதித்து, அதனால் மட்டும் எவ்வளவு எண் வருகிறது என்று பார்ப்போம். அந்த ஒப்பீடு இல்லாமல் எந்த எண்ணையும் நம்பமாட்டோம். ஒன்பது வருடம் தினமும் செய்த காரியம். கணினி முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்து, நாளின் தாமதத்தை ஆளின் தலையில் கட்டியிருந்தேன்! எதுவும் வீணாகவில்லை. எல்லாம் என்னிடமே இருந்தது.

வீட்டுக்கு வந்து செவ்வாய், வெள்ளிகளை மட்டும் தனியே பிரித்தேன். கண்ணாடிக்காரர் அந்த நாள்களில் ஓட்டியது கொஞ்சமே. ஆனால் ஓட்டியபோதெல்லாம் மீசைக்காரரைவிடத் தாமதமாகவே வந்திருந்தார். மற்ற நாள்களில் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. புதிய படத்தைக் கண்டதும் பாவா மேசையை ஓங்கித் தட்டினார். “ஆங்! இத சொல்லு!” அந்த இரண்டு நாளும் பஸ்ஸை ஏழு மணிக்கே எடுப்பது என்று முதலாளி ஒப்புக்கொண்டார். மீசைக்காரர் தப்பினார். பாவா அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, டீ குடிக்க வருகிறவர்களையெல்லாம் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

வேலைக்கான நேர்காணலில், நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். நெட்டைப் பட்டையைப் பற்றிச் சொன்னேன். ஒரு வாரத்தில் அழைப்பு வந்தது.

இன்றைக்கு நான்கு வருடமாகிறது. கைகள் ஆறிவிட்டன. பாவா இப்போது கம்பெனி அலுவலகத்துக்கு மாறிவிட்டார். எனக்கு இன்னும் வேலைக்குக் கிளம்பிய அந்த முதல் நாள்தான் கண்ணில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை. புதுப் புடவை, படபடப்பு, ஏழேகால் பஸ்தானே என்ற நினைப்பு. ஏழு மணிக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்டதும்தான் உறைத்தது. தலைதெறிக்க ஓடினேன். நகரத் தொடங்கிய வண்டியை மீசைக்காரர் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

“செவ்வாக்கெழம ஏழு மணிக்கே எடுக்கணும்னு யாரோ ஒரு பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லிக்கிறாங்க. நீங்க இன்னாடான்னா ஆடி அசைஞ்சி வர்றீங்க. ஏறும்மா சீக்கிரம்!”

“சாரி அண்ணா” என்று ஏறிக்கொண்டேன்.