சுவருக்கு அந்தப் பக்கம்

கலைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஆணியக்கா. ஓவியங்களையும் சிற்பங்களையும் சுவரில் மாட்டுவது அவள் வேலை. அவற்றுக்கு மரப்பெட்டி செய்து பத்திரமாக அடைப்பது அவள் கணவர் வேலை. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே எங்கே பாரம் தாங்கும் என்று கண்டுகொள்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த முறை பன்னாட்டுக் கலைச் சந்தைக்கு இளம் கலைஞர்கள் சிலரின் படைப்புகளோடு போயிருந்தார்கள். அவற்றில் ஒன்று, கவிழ்த்த தொட்டி போன்ற இரும்புச் சிற்பம். ஓர் ஆள் கனம். கீழ் விளிம்பு தோள் உயரத்துக்கு வரும்படி சுவரில் தொங்கும். பார்க்க வருபவர்கள் அதற்குள் தலையை நீட்டினால், யாரோ ஒட்டி நின்று மூச்சு விடுவதுபோல அவரவர் மூச்சே கேட்கும்.

சந்தையில் சுவர் என்பது ஒற்றைப் பலகைதான். பின்னால் ஆங்காங்கே மரச்சட்டம் ஓடும். ஆணியக்கா தட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கெட்டியாகச் சத்தம் வந்தது. அங்கே கொக்கிகளை வைத்துத் திருகாணிகளை முடுக்கினாள். மரத்தைக் கவ்வுவது கையில் தெரிந்தது. கணவரும் ஆட்களும் தூக்கிப் பிடிக்க, சிற்பம் ஏறியது.

சந்தை திறந்து கூட்டம் சேர்ந்த பிறகு தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனாள். பக்கத்து அரங்கின் ஆட்கள், அவள் சிற்பம் மாட்டிய சுவருக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடுக்கிலிருந்து பெரிய பெட்டியொன்றை வெளியே கொண்டுவந்திருந்தார்கள்.

"சுவரோட ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுச்சுப்பா. நெம்பித்தான் எடுத்தோம்" என்றான் ஒருவன்.

பெட்டியின் பக்கவாட்டில் நான்கு புதுத் துளைகள்.

இடுக்குக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே மரச்சட்டம் இல்லை. வெறும் பலகையில் நான்கு திருகாணி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அடுத்தவன் பெட்டியில்தான் சிற்பத்தை மாட்டியிருக்கிறாள்!

ஓடி வந்தாள். சிற்பத்துக்குள் ஒரு பெண் தலையை நீட்டிக் கண்மூடி நின்றாள். மேல் விளிம்பில், சுவருக்கும் இரும்புக்கும் இடையே காலையில் இல்லாத இடைவெளி.

கலைக்கூடத்து மேடம், சிற்பத்தை விலை பேச வந்தவரோடு சிரித்துக்கொண்டிருந்தார். போன முறை ஓர் ஓவியச் சட்டத்தில் கீறல் விழுந்ததற்கே ஒருவரை வீட்டுக்கு அனுப்பியவர். ஆனாலும் போய்க் காதில் சொன்னாள்.

"மேடம், இரும்பு நிக்காது. நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

"இப்பவா சொல்ற? இவர் போகட்டும், இரு."

இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டுத் தானே உள்ளே புகுந்தாள். தோளையும் இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்தாள். பாரம் மெல்ல இறங்கி அவள்மேல் உட்கார்ந்தது. உள்ளே இருட்டு. அவள் மூச்சு அவளுக்கே நாய் இரைப்பதுபோலக் கேட்டது. கொஞ்சம் அசைந்தாலும் எல்லாம் போயிற்று.

வெளியே யாரோ கேட்டார்கள். "நீங்களும் இந்தச் சிற்பத்தோட சேர்த்திதானா?"

"ஆமாங்க, இன்னைக்கு மட்டும். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க... என் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, பெட்டிக்காரர்னு கேட்டா காட்டுவாங்க!"

கூட்டம் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. சுவரிலிருந்து மரத்தூள் உதிர்வதை அப்போதுதான் பார்த்தார். "எல்லாரும் பின்னால போங்க!" என்று கத்திவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்து, தானும் வந்து ஒரு பக்கம் கை கொடுத்தார். கணவர் ஆட்களோடு ஓடிவந்து இறக்கினார். கொக்கி சுவரோடு நின்றது. அவர் விரலால் இழுத்ததும் திருகாணி கையோடு வந்தது.

வாங்க வந்தவர் எப்போதோ போய்விட்டிருந்தார். மேடம் தரையில் உட்கார்ந்து, கழற்றி எறிந்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "நாளைக்குத் திரும்ப மாட்டணும். நீதான் மாட்டணும்" என்றார்.

மறுநாள் முதல், டிரில்லைத் தொடுமுன் கணவரைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவது ஆணியக்காவின் வழக்கம். இந்தப் பக்கம் அவள் தட்ட, அவர் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நான்தான் இருக்கேன் தாயே. என்னையும் சேர்த்து முடுக்கிடாத!"

ஆட்கள் சிரிப்பார்கள். அவர் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து நிற்கிற வரை அவள் சிரிக்க மாட்டாள்.