கௌதமி மாற்றிவைத்த மூன்று துண்டுகள்

என் தங்கையிடம் நான் பொய் சொன்னேன். "இல்லை" என்ற ஒரே சொல். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டுமென்று இதை எழுதவில்லை... உங்களால் அது முடியவும் முடியாது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். இரண்டு பேரைப் படிக்கவைக்கச் சுரங்கத் தொழிலாளியான அப்பாவால் ஆகவில்லை. கௌதமியை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்.

பெங்களூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் நிலையத்தில் தினமும் ரயிலேறிப் போய்வருவேன். விரல்நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் சில்லில் இருபத்துநான்கு மின்சுற்றுப் பகுதிகளை அடக்க வேண்டும். எதை எங்கே வைத்தால் அவற்றை இணைக்கும் கோடுகளின் நீளம் குறையும்? கணிப்பொறிக்குச் சொல்லித்தர ஒரு வழிமுறை கேட்டார் அதிகாரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அந்தப் பகுதிகளுக்குப் பதிலாக அட்டைத் துண்டுகளைப் பலகையில் குத்தி, நூலால் இணைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு துண்டுகளை இடம் மாற்றுவேன். மொத்த நூலையும் அளப்பேன். குறைந்தால் அப்படியே விட்டுவிடுவேன், கூடினால் பழையபடி வைப்பேன். ஒரு கட்டத்தில் எந்த இரண்டை மாற்றினாலும் நூல் கூடியது.

கௌதமி முறத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, இவ்ளோ படிச்சிட்டு காத்தாடிக்கு நூல் கட்றியா?"

விளக்கினேன். சற்று நேரம் பார்த்தாள்.

"மாத்துன ரெண்டுல இருக்குற நூல மட்டும் அளந்தா போதாதா? மத்தது அங்கயேதான கீது?"

அவள் நிறுத்தவில்லை.

"அப்புறம், ஏன் ரெண்டு ரெண்டா மாத்துற? நம்ம சுரங்க லைன்ல வீடு மாத்திக்கினாங்களே, மறந்துட்டியா? மேரியக்காவுக்கு, புருஷன் சுரங்கத்துல எறங்க, ஷாஃப்ட் பக்கம் வீடு வேணும். ஷாஃப்ட் பக்கம் இருந்த முனியம்மாவுக்கு ஸ்கூல் பக்கம் வேணும். ஸ்கூல் பக்கம் இருந்தவங்களுக்கு மேரியக்கா வீடு வேணும். ரெண்டு ரெண்டு பேரா பேசினப்ப ஒண்ணும் நடக்கல. மூணு பேரும் சுத்தி மாத்திக்கினாங்க, முடிஞ்சிது."

சொல்லிக்கொண்டே மூன்று துண்டுகளைச் சுற்றி மாற்றிவைத்தாள். நூல்கள் தொய்ந்தன; மொத்த நீளம் குறைந்துவிட்டது...

அதையே துளையட்டைகளில் ஏற்றிக் கணிப்பொறியில் ஓட்டினோம். சில்லில் எல்லாம் அடங்கிற்று. யாருடைய யோசனை என்று அதிகாரி கேட்டார். என்னுடையது என்றேன்.

இது திருட்டு. ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். சில்லின் சுற்றுப் படம் வரையப் பெண்கள் நான்கு பேரை எடுக்கிறார்களாம். எட்டாவது படித்திருந்தால் போதும். கூர்ந்த கண் வேண்டும். உன் ஊரில் யாராவது உண்டா என்றார்.

கௌதமி அங்கே ஒரு மேசையில் வந்து அமர்ந்தால், அந்த யோசனை யாருடையது என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடாதா? அப்புறம் நான் யார்?

"யாரும் இல்லை, சார்."

அன்று மாலை, யாரும் சொல்லாமலே, அவளும் அதைத்தான் கேட்டாள்.

"ண்ணா, அந்த நூல் வேலைக்குப் பொம்பளைங்கள எடுக்கறாங்களா? ஞாயித்துக்கெழம என்னப் பொண்ணு பாக்க வராங்க. வேலை இருக்குதுன்னா அப்பா தள்ளிப்போடுவாரு."

"இல்லை" என்றேன்.

"சரி" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மூன்று ஆண்டுகள் ஆயின. போன வாரம் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் அவள் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரே அறையில் எட்டுப் பேர். மாமியார் கட்டில், டிரங்குப் பெட்டி, தண்ணீர்க் குடம், எல்லாவற்றையும் இடம் மாற்றித் தொட்டில் கட்ட ஒரு மூலையை ஒழித்து வைத்திருந்தாள். ஏழு மாத வயிறு.

"பொண்ணு பொறந்தா உன்ன மாதிரி படிக்க வெப்பேண்ணா. அது பெருசாவறதுக்குள்ள உங்க ஆபீஸ்ல பொம்பளைங்கள எடுப்பாங்க இல்ல?"

எங்கள் பிரிவில் நான்கு பெண்கள் மூன்று ஆண்டுகளாகப் படம் வரைகிறார்கள். ஒருத்தியின் நாற்காலி என் மேசைக்கு நேரெதிரே இருக்கிறது. அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா...

"எடுப்பாங்க" என்றேன்.

அவள் டீயை ஆற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.